தலையணை வந்த வழியும் கழுத்துவலியும்



பயிற்றுப் புத்தகங்களைத் திருத்தித் திருத்திக் கழுத்து இறுகிப்போகாத ஆசிரியர் எவரேனும் உண்டா? பள்ளியின் ஆசிரியர் அறையில் தேர்வுக் காலத்தில் அதிகம் பேசப்படும் நோய் காய்ச்சலன்று, கழுத்துவலிதான். அந்தப் பேச்சு எப்போதும் ஒரே வினாவில் வந்து முடியும்: "எந்தத் தலையணை வாங்கினால் நல்லது?" அதற்கு விடையாக ஒருவர் இலவம்பஞ்சு என்பார்; மற்றொருவர் பாலாடை நுரை என்பார்; வேறொருவர், விண்வெளி ஆய்வில் பிறந்தது என்று விளம்பரம் செய்யப்படும் விலையுயர்ந்த தலையணையைப் பரிந்துரைப்பார்.

நான் மருத்துவன் அல்லேன். வரலாற்றைப் பாடமாகக் கற்பிப்பவன். ஆகவே, இந்த வினாவை வரலாற்றின் பக்கமாகத் திருப்பிப் பார்க்க விழைந்தேன். மாந்தர் எக்காலத்தில் எந்தத் தலையணையை வைத்துக்கொண்டனர்? எதற்காக அதனைத் தேர்ந்தெடுத்தனர்? இவற்றைத் தேடிப் படித்தபோது வியப்பான உண்மை ஒன்று புலப்பட்டது. வரலாற்றின் பெரும்பகுதியில் மாந்தர் கழுத்துக்காகத் தலையணையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. கூந்தலுக்காகவும், மதிப்புக்காகவும், மறுமைக்காகவும், ஏன், விழித்திருப்பதற்காகவும்கூடத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கழுத்தின் முறை வந்தது மிக அண்மையில்தான். இதனை அறிந்துகொண்டால் இன்றைய விளம்பரங்களை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

'தலையணை' என்னும் சொல் தலை, அணை என்னும் இரு சொற்களின் கூட்டு. அணை என்பதற்குத் தாங்குவது, தடுப்பது, தழுவுவது என்றெல்லாம் பொருள் விரியும். ஆற்றுக்குக் குறுக்கே நிற்பதும் அணை. தலைக்குக் கீழே கிடப்பதும் அணை. மென்மை என்னும் பொருள் இச்சொல்லில் இல்லை. தாங்குதல் என்னும் பொருளே உண்டு. இக்கட்டுரையின் முடிவில் இந்த நுட்பம் நமக்குப் பயன்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழந்தமிழர் மென்மையை அறியாதவர் அல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாக வருணிக்கிறார். யானைத் தந்தத்தால் அமைந்த அக்கட்டிலின்மேல் அன்னப்பறவையின் தூவி இட்ட அணை விரித்திருந்ததாக அப்பாடல் காட்டுகிறது. அத்துணை மென்மையான படுக்கையிலும் தலைவனைப் பிரிந்த அரசிக்குத் தூக்கம் வரவில்லை என்பதே பாடலின் உயிர்நிலை. படுக்கை எவ்வளவு மென்மையானாலும் தூக்கத்திற்கு அது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டுமா?

எகிப்து: மறுமைக்கும் ஒரு தலைதாங்கி

பழைய எகிப்தியர் பயன்படுத்தியதைத் தலையணை என்பதைவிடத் 'தலைதாங்கி' என்பதே பொருந்தும். அடியில் ஒரு பீடம், நடுவில் ஒரு தண்டு, மேலே பிறைநிலவு போன்ற வளைவு. இதுவே அதன் வடிவம். மரத்தாலும் கல்லாலும் தந்தத்தாலும் செய்தனர். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்து, அந்தப் பிறை வளைவில் தலையைப் பொருத்தித் தூங்கினர். வெப்ப நாட்டில் தலைக்குக் கீழே காற்றோட்டம் கிடைக்கும்; தரையில் ஊரும் பூச்சிகள் முகத்தை அணுகா; ஒப்பனை செய்த கூந்தலும் கலையாது. அறிஞர் கூறும் காரணங்கள் இவை.

1922ஆம் ஆண்டு நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமுன் கல்லறையிலும் தலைதாங்கிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று தந்தத்தால் ஆனது. காற்றின் கடவுளாகிய ஷூ, இருபுறமும் சிங்கங்கள் அமர்ந்திருக்க, வளைவைத் தன் கைகளால் தாங்கி நிற்பதுபோல் செதுக்கப்பட்டது. மற்றொன்று நீல நிறக் கண்ணாடியால் ஆனது. இரும்பால் செய்த சிறு தலைதாங்கித் தாயத்து ஒன்றும் அரசனின் உடலோடு வைக்கப்பட்டிருந்தது. இறந்தோர் நூல் என வழங்கும் எகிப்தியத் தொகுப்பில் 166ஆம் மந்திரம் தலைதாங்கிக்கே உரியது. இறந்தவரின் தலை உடலைவிட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தலையைத் தாங்குவது இம்மையோடு முடியும் வேலையன்று என அவர்கள் நம்பினர்.

தலைதாங்கி எகிப்தோடு மறைந்துவிடவில்லை. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, சிம்பாப்வே எனக் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க மக்கள் பலரும் அண்மைக் காலம் வரை மரத் தலைதாங்கிகளைப் பயன்படுத்தினர். அங்கும் கூந்தல் ஒப்பனையைக் காப்பது முதன்மையான காரணமாக இருந்தது.

சீனம்: பீங்கானில் ஒரு தூக்கம்

சீனத்தில் தாங், சோங் அரசமரபுகளின் காலத்தில் பீங்கான் தலையணைகள் பெருவழக்காயின. குளிர்ச்சியான பீங்கான், கோடைக்காலத்தில் தலைக்கு இதமளித்தது. சிச்சோ சூளைகளில் செய்த தலையணைகளின் மேற்பரப்பில் பூக்களும் பறவைகளும் கவிதைகளும் தீட்டப்பட்டன. திங் சூளையில் செய்த வெண்பீங்கான் தலையணை ஒன்று குப்புறப் படுத்திருக்கும் குழந்தையின் வடிவில் அமைந்தது. குழந்தையின் முதுகுதான் தலை வைக்கும் இடம். இன்றும் தைப்பே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

ஆசிரியர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் இங்குண்டு. சீமா குவாங் (1019–1086) என்பவர் சோங் காலத்துப் பேரறிஞர். பெரும் வரலாற்று நூல் ஒன்றை இயற்றியவர். அவர் உருண்டையான மரக்கட்டையைத் தலையணையாக வைத்துக்கொண்டாராம். தூக்கத்தில் சற்றுப் புரண்டால் கட்டை உருண்டுவிடும். தலை கீழே விழும். அவர் விழித்தெழுந்து மீண்டும் நூலைக் கையில் எடுப்பார். 'எச்சரிக்கைத் தலையணை' என்று அதற்குப் பெயர். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை மாணவர்களுக்குச் சொல்லலாம். ஆனால், தேர்வுக்கு முன்னிரவு பிள்ளைகளைத் தூங்கவிடாமல் படிக்கச் சொல்வதற்கு இதனைச் சான்றாக்கிவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்குத் தூக்கமும் ஒரு பாடமே.

'உயர்ந்த தலையணையில் கவலையின்றி' என்று பொருள்படும் சொற்றொடர் ஒன்று சீன மொழியில் உண்டு. அச்சமில்லாமல் நிம்மதியாக இருப்பதை அது குறிக்கும். தலையணை உயர்ந்திருந்தால் நிம்மதி என்னும் கருத்து அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது. உண்மையில் உயரம் நிம்மதி தருமா? ஜப்பானியர் இதற்கொரு விடை வைத்திருந்தனர்.

ஜப்பான்: மூன்றங்குலமா, நான்கங்குலமா?

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானிய மகளிர் எண்ணெயிட்டு, மெழுகிட்டு, உயர்த்திக் கட்டிய கொண்டை அணிந்தனர். ஒருமுறை கட்டிய கொண்டையை நாள்தோறும் அவிழ்த்துக் கட்ட இயலாது. எனவே, சிறு மரப்பெட்டியின்மேல் உருளையான சிறு திண்டு ஒன்றைக் கட்டி, அதனைக் கழுத்துக்குக் கீழே வைத்துத் தூங்கினர். தலை அந்தரத்தில் நிற்கும், கொண்டை குலையாது. ஆடவரும் உச்சிக்குடுமி வைத்திருந்தமையால் அவர்களும் உயரமான தலையணையையே நாடினர். 1871ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு குடுமியைக் களைய ஊக்குவித்து ஆணை பிறப்பித்தது. கூந்தல் மாறிற்று, காலப்போக்கில் தலையணையும் தாழ்ந்தது.

அக்காலத்து ஜப்பானியரிடையே முதுமொழி ஒன்று வழங்கியது. நீண்ட ஆயுளுக்கு மூன்று 'சுன்', வசதிக்கு நான்கு 'சுன்' என்பது அதன் கருத்து. ஒரு சுன் என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதாவது, தலையணை 12 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் வசதியாக இருக்கும். ஆனால், 9 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொண்டால் நெடுநாள் வாழலாம்.

இதனை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2024ஆம் ஆண்டில் ஜப்பானின் தேசிய மூளை, இருதய நோய் மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கழுத்தெலும்பின் வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் காரணமின்றிக் கிழிந்து, அதனால் பக்கவாதம் போன்ற தீங்குக்கு உள்ளானோர் 53 பேரையும், அந்நோய் இல்லாத 53 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். 12 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட உயரமான தலையணையை வைத்திருந்தோர் நோயுற்றவர்களில் 34 விழுக்காட்டினர். மற்றவர்களில் 15 விழுக்காட்டினர். எடோ காலத்துப் பெருமக்களின் உயர்ந்த தலையணையை நினைவூட்டும் ஒரு பெயரையே அந்நிலைக்கு அவர்கள் சூட்டினர். சிறிய ஆய்வுதான், உயரத்தலையணையே நோயைத் தந்தது என்று இதனால் அறுதியிட முடியாது. தவிரவும், இந்நோய் மிக அரிதானது. ஆயினும், முதுமொழி குறித்த அதே 12 சென்டிமீட்டரில் இக்கால மருத்துவரும் எச்சரிக்கைக் கோடு கிழித்திருப்பது சிந்திக்கத் தக்கது. இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தவாறே உறங்கிப்போகும் பழக்கமுடையவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்து: தலையணை ஆண்மைக்கு இழுக்கு!

ஐரோப்பாவின் கதை வேறு. 1577ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்தைப் பற்றிய தம் வருணனையில் வில்லியம் ஹாரிசன் என்னும் பாதிரியார், தம் ஊர் முதியோர் கூறியவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அம்முதியோரின் இளமைக் காலத்தில் எளிய மக்கள் வைக்கோற் பரப்பில் படுத்து, உருண்டையான மரக்கட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டனராம். தலையணை என்பது பேறுகாலப் பெண்களுக்கு மட்டுமே உரியது என அவர்கள் எண்ணினராம். ஒரு தலைமுறைக்குள் அந்நிலை மாறியதைக் கண்டு ஊர் முதியோர் வியந்தனர். வீடுதோறும் தலையணை என்பது உலகின் பல பகுதிகளில் மிகவும் அண்மைக் காலத்து வசதி என்பதை இது காட்டுகிறது.

இலவம்பஞ்சின் காலம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலேசியா, சிங்கப்பூர் வாழ் மக்களின் பழைய தலையணை இலவம்பஞ்சுத் தலையணைதான். மலாய்க்காரர் இதனைக் 'கெக்காபு' என்பர். கம்பத்து வீடுகளின் வேலியோரத்தில், கிளைகளைக் கிடையாக நீட்டி நிற்கும் இம்மரத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். காய் முற்றி வெடித்தால் வெண்பஞ்சு காற்றில் பறக்கும். பழம் என்று நம்பிக் காத்திருந்த கிளியின் ஏமாற்றத்தைத் தமிழர் 'இலவு காத்த கிளி' என்று மரபுத்தொடராக்கினர். கிளிக்கு ஏமாற்றமாய் முடிந்தது நம் தலைக்கு வாய்ப்பாய் அமைந்தது.

இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழவழப்பானது, உள்ளே வெற்றிடம் உடையது. ஆதலால், பருத்தியைப் போல் நூலாக நூற்பது கடினம்; அடைப்பதற்கோ மிகவும் ஏற்றது. மெழுகுப் பூச்சு உடையதால் நீர் ஒட்டாது, நீரில் மிதக்கும். இப்பண்பினால் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதனையே அடைத்தனர். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்கு வந்த இலவம்பஞ்சில் பெரும்பகுதி ஜாவாத் தீவிலிருந்து சென்றது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. அதற்கு மாற்றாக, அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் சாலையோரங்களில் வளரும் எருக்கு இனச் செடியின் காய்களைப் பை பையாகப் பறித்துத் திரட்டினர். இரண்டு பைகள் ஓர் உயிரைக் காக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட முழக்கம்.

இலவம்பஞ்சுத் தலையணைக்கும் குறை உண்டு. நாளாக ஆகப் பஞ்சு கட்டி கட்டியாகத் திரளும், நடுவில் பள்ளம் விழும், தூசு சேரும். அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் தலையணையை வெயிலில் உலர்த்தித் தட்டினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் புதுப் பஞ்சு அடைத்தனர். அது வெறும் துப்புரவு வேலையன்று. தலையணையின் உயரத்தை மீட்டெடுக்கும் வேலை.

பால்மரமும் தலையணையும்

இலவம்பஞ்சுக்கு அடுத்து வந்த தலையணையின் கதை நம் பாட்டன் பாட்டியரின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு, 1877இல், 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றின் வழியாகக் கோலகங்சாரில் நடப்பட்ட மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் மலாயாவில் பால்காடுகள் பரவின; அங்கு உழைக்கத் தமிழர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றப்பட்டனர்.

தொடக்கத்தில் இரப்பருக்கு இருந்த தேவையெல்லாம் வண்டிச் சக்கரத்திற்காகத்தான். மலாயாவில் 1910 முதல் தோட்டங்களை வாங்கிய டன்லப் நிறுவனமும் சக்கர வணிகத்தில்தான் வளர்ந்தது. 1929ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பர்மிங்காம் ஆய்வுக்கூடத்தில் இ. ஏ. மர்பி என்னும் ஆய்வாளர் ஒரு புதுமை செய்தார். திரவ நிலையில் இருக்கும் இரப்பர்ப்பாலைச் சோப்புப் பொருளோடு சேர்த்து முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்தார். கந்தகம் முதலியவை கலந்து, நுரை அடங்குமுன் உறையச் செய்து, நீராவியில் வேக வைத்தார். எண்ணிறந்த சிறு காற்றறைகள் கொண்ட மெத்தென்ற பொருள் கிடைத்தது. இதுவே பாலாடை நுரை என்றும் லேட்டக்ஸ் என்றும் நாம் சொல்லும் பொருள். அழுத்தினால் அமுங்கும், விட்டவுடன் எழும்பும்.

இதற்கு உலர்ந்த இரப்பர்த் தகடு பயன்படாது. வெட்டிய பாலை உறையவிடாமல் அமோனியா சேர்த்துக் காத்து, எந்திரத்தில் சுழற்றி, ஏறத்தாழ 30 விழுக்காட்டளவில் இருக்கும் இரப்பரை 60 விழுக்காடாகச் செறிவூட்டி அனுப்ப வேண்டும்.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆகவே, பால்வெட்டுத் தொழிலாளி பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்: மாவுச் சாக்கைத் துவைத்து உறையாகத் தைத்து, பழஞ்சேலைகளை அதனுள் திணித்ததே லயத்து வீட்டில் தலையணையாம். மங்கிலிருந்து வாளிக்கு மாற்றிய பால் எங்கோ ஒரு நாட்டில் ஒருவருடைய தலைக்கு மெத்தென்ற தலையணை ஆகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறர் தூக்கத்திற்காகத் தம் தூக்கத்தை இழந்தவர்கள் அவர்கள். இன்று கடைகளில் பாலாடை நுரைத் தலையணையின் விலைச்சீட்டைப் புரட்டும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியையேனும் நாம் சொல்லிவைக்க வேண்டும்.

விண்வெளியிலிருந்து வந்ததா?

1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பாயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டறிந்தார். பின்னாளில் மலிவான நுரைத் தலையணைகள் பெருக அது வழிவகுத்தது. 1966இல் நாசா ஆய்வு மையம் ஒன்றின் ஒப்பந்தத்தின்கீழ்ச் சார்ல்ஸ் யோஸ்ட் என்னும் பொறியாளர், மெதுவாக அமுங்கி மெதுவாக மீளும் நுரையை உருவாக்கினார். இன்று 'மெமரி ஃபோம்' எனப்படுவது இதன் வழிவந்ததே. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் நிறுவனம் ஒன்று அதனை மெத்தையாகவும் தலையணையாகவும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். அந்த நுரை விண்வெளி வீரரின் கழுத்துவலியைப் போக்க உருவானதன்று. வானூர்தி இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கவும் அமர்வோருக்கு வசதி அளிக்கவும் உருவானது. எடையற்ற விண்வெளியில் தலைக்குப் பாரமே இல்லை. அங்குத் தலையணை தேவையும் இல்லை. 'நாசா' என்னும் பெயர் நுரையின் பிறப்பைச் சொல்லும். உங்கள் கழுத்துக்கு அது பொருந்துமா என்பதைச் சொல்லாது.

கழுத்து என்ன கேட்கிறது?

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். அவ்வேழும் முன்னோக்கி மெல்ல வளைந்த ஒரு வில்லைப்போல் அமைந்து, ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள தலையைப் பகல் முழுவதும் சுமக்கின்றன. இரவில் அந்த வில்லை வளைக்காமலும் நிமிர்த்தாமலும் இயல்பான நிலையில் தாங்குவதே தலையணையின் கடமை. உயரம் மிகுந்தால் கழுத்து ஒருபுறம் மடங்கும்; குறைந்தால் மறுபுறம் தொங்கும். இரண்டாலும் தசைகள் இரவெல்லாம் இழுபடும்.

2009ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒருக்களித்துத் தூங்கும் 106 பேருக்கு ஐந்து வகைத் தலையணைகளை வாரத்திற்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தனர். காலையில் கழுத்துவலியும் விறைப்பும் குறைவாக இருந்ததில் பாலாடை நுரைத் தலையணை முன்னின்றது. இறகுத் தலையணை பின்தங்கியது. கழுத்துக்கென்றே மேடு பள்ளமாக வார்த்த நுரைத் தலையணை, சாதாரண நுரைத் தலையணையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. அன்னத்தூவியின் மென்மை தோற்றது. பால்மரத்தின் தாங்குதிறன் வென்றது. தமிழ்ச்சொல் முன்பே சொன்னது போல, தலைக்கு வேண்டியது 'அணை'.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பச்சிளங்குழந்தையின் தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று கடுகு, பச்சைப்பயறு முதலியவற்றை அடைத்த சிறு தலையணை வைப்பது நம்மவரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் உள்ள பழக்கம். அன்பின் பாற்பட்டதுதான். ஆனால், இதில் ஆபத்து உண்டு. குழந்தையின் முகம் மென்பொருளில் புதைந்தால் மூச்சு அடைபடக்கூடும். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என அறிவுறுத்தியது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அதன்பின் தூக்கத்தில் திடீரென நேரும் குழந்தை இறப்புகள் அந்நாட்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 2022 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், தலையின் வடிவத்தைச் சீராக்கும் என விற்கப்படும் தலையணைகளைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தவே கூடாது என எச்சரித்தது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தலையணை வேண்டா. பாட்டி வருந்தினாலும் பக்குவமாய் எடுத்துச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

வரலாறும் ஆய்வுகளும் தந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

1. முதலில் நீங்கள் படுக்கும் முறையைக் கவனியுங்கள். ஒருக்களித்துப் படுப்போர்க்குக் காதுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்போர்க்கு அதைவிடத் தாழ்வானது போதும். குப்புறப் படுப்பது கழுத்தைத் திருகும். விடமுடியாவிட்டால் மிக மெல்லியதை வையுங்கள்.

2. மெத்தையையும் கணக்கில் சேருங்கள். மெத்தை மென்மையாக இருந்தால் தோள் உள்ளே அமிழும். தலையணை தாழ்வாக இருக்க வேண்டும். பாயில் ஒருக்களித்துப் படுப்போர்க்குச் சற்று உயரம் தேவை.

3. கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பது போதாது. தலை வைத்துப் படுத்துப் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்த நிலையில் மூக்கும் நெஞ்சின் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. புதியது வாங்குமுன் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். துண்டை மடித்துத் தலையணையின் கீழ் வைத்து உயரத்தைக் கூட்டலாம். பஞ்சைக் கொஞ்சம் எடுத்து உயரத்தைக் குறைக்கலாம். இதற்குச் செலவில்லை.

5. 'லேட்டக்ஸ்' என எழுதியிருப்பதெல்லாம் மரத்துப் பாலன்று. செயற்கை இரப்பர் கலந்தவையும் உண்டு. சீட்டைப் படியுங்கள். இரப்பர்ப்பால் ஒவ்வாமை உடையோர் அதனைத் தவிர்க்க வேண்டும்.

6. பிள்ளைகளுக்குத் தோள் அகலம் குறைவு. பெரியவர்களின் தலையணை அவர்களுக்கு உயரம் மிகுதி. தாழ்வானதைக் கொடுங்கள்.

7. வலி கைக்கு இறங்குதல், விரல் மரத்தல், கை வலுவிழத்தல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்தபின் வலித்தல், திடீரென இதுவரை அறியாத கடுமையான தலைவலியோடு கழுத்து வலித்தல் ஆகியன தோன்றினால் தலையணைக் கடைக்கன்று, மருத்துவரிடம் செல்லுங்கள்.

தூங்கி வழிபவனுக்குத் தலையணையை நீட்டியதுபோல என்று மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு. வேண்டியபோது வேண்டியது வாய்ப்பதை அது குறிக்கும். வாய்க்கும் தலையணை நம் கழுத்துக்குப் பொருந்தியதாக இருக்கட்டும். பகலெல்லாம் குனிந்து புத்தகம் திருத்தும் ஆசிரியரும், குனிந்து கைப்பேசி பார்க்கும் பிள்ளையும், பகலில் கழுத்துக்குச் செய்யும் கொடுமையை எந்தத் தலையணையும் இரவில் முழுவதுமாய் ஈடுகட்டாது. அரைமணிக்கு ஒருமுறை தலை நிமிருங்கள், தோளை உருட்டுங்கள். அதற்கு விலைச்சீட்டு இல்லை.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்